இருமுறை வாகை சூடிய வங்கப் பெண் டைரக்டர்

படவுலகில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. கதாநாயகிகள் உண்டு, பின்னணிப் பாடகிகள் உண்டு, நாட்டியத் தாரகைகள் உண்டு. ஆனால் காமிராவுக்குப் பின்னால் நின்று உத்தரவிடும் டைரக்டர் நாற்காலியில் ஒரு பெண்ணைக் காண்பது அபூர்வம். அந்த நாற்காலியில் அமர்ந்து, சிறந்த டைரக்டருக்கான தேசியப் பரிசை இரண்டு முறை பெற்றவர் வங்காளத்து ஸ்ரீமதி அபர்ணா ஸென்.

பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த பரிசு அல்ல அது. ஸத்யஜித் ராய், மிருணாள் ஸென், அடூர் கோபாலகிருஷ்ணன் போன்ற ஜாம்பவான்கள் பெற்ற அதே பரிசுதான். 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்பட்டு வரும் அந்தப் பரிசை, அபர்ணாவுக்கு முன் எந்தப் பெண்ணும் பெற்றதில்லை.

ராய் காட்டிய வழி

1945-இல் பிறந்த அபர்ணாவுக்குச் சினிமா வீட்டுச் சொத்து. தந்தை சிதானந்த தாஸ்குப்தா பிரபல பட விமர்சகர். 1947-இல் ராயுடன் சேர்ந்து கல்கத்தா பிலிம் ஸொஸைட்டியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். தாகூரின் கதைகளைக் கொண்டு ராய் எடுத்த 'தீன் கன்யா' 1961-இல் வெளிவந்தது. அதில் மரமேறித் திரியும் துடுக்குப் பெண்ணாக அறிமுகமானார் அபர்ணா. அப்போது அவர் பள்ளிப் பருவச் சிறுமி.

பிறகு வங்கப் படங்களில் புகழ் பெற்ற கதாநாயகி ஆனார். அத்துடன் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் அவர் உட்கார்ந்து ஒரு திரைக்கதை எழுதினார். அதை ராயிடம் காட்டினார். ராய் உற்சாகமூட்டியதோடு, ஹிந்தி நடிகர் சசி கபூரை அணுகும்படி யோசனையும் சொன்னார். சசி கபூர் பணம் போட்டார். 1981-இல் பிறந்தது '36, சௌரங்கி லேன்' என்ற ஆங்கிலப் படம்.

கதை எளியது. வயலட் ஸ்டோன்ஹாம் என்ற ஆங்கிலோ இந்திய ஆசிரியை. துணைக்கு ஒரு பூனை. ஷேக்ஸ்பியரைப் பாடம் சொல்லிக் காலம் தள்ளுகிறாள். பழைய மாணவி ஒருத்தி தன் காதலனுடன் தனித்திருக்க அவள் வீட்டைப் பயன்படுத்திக் கொள்கிறாள். கிழவியோ, தன் தனிமைக்குத் துணை கிடைத்ததென்று மகிழ்கிறாள். காதலர்கள் மணம் செய்து கொண்டதும் அவளை மறந்து விடுகிறார்கள். கிறிஸ்துமஸ் இரவில் கேக்குடன் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகிறாள். உள்ளே விருந்து அமர்க்களப்படுகிறது, அவளுக்கு அழைப்பில்லை!

வயலட்டாக நடித்தவர் சசி கபூரின் மனைவி ஜெனிபர் கெண்டல். இங்கிலாந்தின் பாப்டா பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மணிலா சர்வதேசப் படவிழாவில் படம் முதற்பரிசு பெற்றது. முதல் படத்திலேயே அபர்ணாவுக்குச் சிறந்த டைரக்டர் பரிசும் கிடைத்தது.

1984-இல் எடுத்த 'பரோமா' வேறு ரகம். குடும்பத் தலைவி ஒருத்தி, கட்டுப்பாட்டை மீறிய பின்னும் தனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று துணிந்து சொல்லும் கதை. வங்காளத்துக் கூடங்களில் இதைப் பற்றிக் காரசாரமான வாக்குவாதம் நடந்தது. ஆயினும் சிறந்த வங்காளிப் படமென்ற தேசியப் பரிசு அதற்கே வந்தது. 1987-இல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் அளித்துக் கௌரவித்தது.

ஐயர் வீட்டுப் பெண்

இரண்டாவது முறை டைரக்டர் பரிசு வந்தபோது, அதில் நமக்கும் ஒரு பங்கு இருந்தது. 2002-இல் வெளிவந்த 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' படத்தின் நாயகி மீனாட்சி, ஆசாரமான தமிழ்க் குடும்பத்துப் பெண். கைக்குழந்தையுடன் பஸ்ஸில் வருகிறாள். வழித்துணையாக வந்த வாலிபன் முஸ்லிம் என்று தெரிந்ததும், "இவன் தண்ணீரைக் குடித்து விட்டோமே" என்று பதறுகிறாள். சிறிது நேரத்தில் கலகக் கும்பல் பஸ்ஸில் ஏறுகிறது. வயதான முஸ்லிம் தம்பதியை இழுத்துப் போகிறது. அடுத்து இவர்களிடம் பெயர் கேட்கிறார்கள். மீனாட்சி குழந்தையை அவன் மடியில் போட்டு, "நாங்கள் ஐயர் தம்பதி" என்கிறாள். ஆசாரம் தோற்றது, ஓர் உயிர் பிழைத்தது.

குஜராத் கலவரம் நாட்டை உலுக்கிய அதே ஆண்டில் வந்த படம் இது. மீனாட்சியாக நடித்தவர் அபர்ணாவின் மகள் கொங்கணா. சென்னைக்கு வந்து தங்கி, இங்குள்ள பெண்களின் பேச்சையும் பாவனையையும் கவனித்துப் பழகினாராம். 50-வது தேசியப் பரிசளிப்பில் தாய்க்கு டைரக்ஷன், திரைக்கதை இரண்டுக்கும் பரிசு. மகளுக்குச் சிறந்த நடிகைப் பரிசு. படத்துக்கு தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் பரிசு.

எதற்குக் கிடைத்த மதிப்பு?

முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடையே 21 ஆண்டுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு படத்தில் ஆங்கிலோ இந்தியக் கிழவி. மற்றதில் தமிழ்ப் பெண். இருவருமே அபர்ணாவின் இனமல்ல, மொழியல்ல. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே இருப்பவளின் துக்கத்தையும் பயத்தையும் தன்னுடையதாக உணர்ந்து சொன்னவருக்குத்தான் இரு முறையும் மாலை விழுந்தது.

'பெண் டைரக்டர்' என்று தனியே குறிப்பிட்டுப் பாராட்டுவது நம் வழக்கம். பரிசுக் குழுவினரோ 'டைரக்டர்' என்று மட்டுமே சொன்னார்கள். அதைவிடப் பெரிய பரிசு வேறென்ன வேண்டும்?