நான்கு கட்டங்களில் மூன்று ஆண்டுகள்

"படக்கதை படிக்கும் வயதா தம்பி இது?" என் கையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்து எங்கள் பேராசிரியர் ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனினும் அன்று எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. இக்கட்டுரையை அவருக்கான விடையாகக் கொள்ளலாம்.

அந்தப் புத்தகம் 'அஸுமாங்கா டையோ' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை. நான்கு பாகங்களையும் ஒரே தொகுதியாகக் கட்டிய ஆங்கில மொழிபெயர்ப்பை விடுதி நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியிருந்தேன். ஜப்பானியர் சித்திரக்கதையை 'மாங்கா' என்பர். இதனை எழுதி வரைந்தவர் கியோஹிகோ அஸுமா, 1968-இல் பிறந்தவர். 'டெங்கெக்கி டையோ' என்னும் மாத இதழில் 1999 முதல் 2002 வரை இது தொடராக வந்தது. தம் பெயர், மாங்கா என்ற சொல், இதழின் பெயர் ஆகிய மூன்றையும் ஒட்டவைத்தே ஆசிரியர் தலைப்பு அமைத்துவிட்டார். தலைப்பிலேயே நகைச்சுவை தொடங்கிவிடுகிறது அன்றோ?

இது 'யொன்கோமா' என்னும் வகையைச் சேர்ந்தது. யொன்கோமா என்றால் நான்கு கட்டம். மேலிருந்து கீழாக நான்கு படங்கள். அவற்றுள் ஒரு துணுக்கு முடிந்துவிட வேண்டும். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்பது இதன் இலக்கணம். சீன நாட்டு நான்கடிச் செய்யுளிலிருந்து வந்த முறை இது. திருப்பம் மூன்றாம் கட்டத்தில் வரும். ஆனால் அஸுமா பல இடங்களில் பேச்சே இல்லாத ஒரு கட்டத்தை வைத்துவிடுகிறார். பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பார்கள், அவ்வளவுதான். அந்த மௌனத்தில்தான் நமக்குச் சிரிப்பு பீறிடுகிறது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் உயர்நிலைப் பள்ளி. அங்கே சில மாணவியர். சியோ என்பவள் பத்து வயதுச் சிறுமி. அறிவுக் கூர்மையால் பல வகுப்புகளைத் தாண்டி வந்தவள். பாடத்தில் முதல்வி, விளையாட்டுத் திடலிலோ மற்றவர்களுக்கு ஈடு கொடுக்க முடியாமல் தவிப்பவள். டோமோ ஓயாத வாயாடி. அவளுடைய குறும்புகளைத் தாங்கும் பொறுப்பு யோமிக்கு. ஒஸாகா நகரிலிருந்து வந்து சேரும் ஒருத்திக்கு 'ஒஸாகா' என்றே பட்டப்பெயர் விழுகிறது. அவ்வூர்க்காரர் என்றாலே கலகலப்பாகப் பேசிச் சிரிக்க வைப்பவர் என்பது ஜப்பானியர் எண்ணம். இவளோ பகற்கனவு காணும் மந்தகதிக்காரி! எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே நகைச்சுவையின் ஊற்று.

எனக்கு மிகவும் பிடித்தவள் ஸகாகி. உயரமானவள், பேசாதவள். அவளைக் கம்பீரமானவள் என்று எல்லோரும் வியக்கிறார்கள். அவள் மனமோ பூனைக்குட்டிக்காக ஏங்குகிறது. தெருவில் ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தடவக் கை நீட்டுவாள்; அது கடித்துவிடும். மறுபடியும் நீட்டுவாள்; மறுபடியும் கடிக்கும். பள்ளிச் சுற்றுலாவில் ஒகினாவாவின் இரியோமோட்டே தீவுக்குப் போகிறார்கள். அத்தீவில் மட்டுமே வாழும் அரிய காட்டுப்பூனையின் குட்டி ஒன்று அவளைக் கடிக்காமல் அருகில் வருகிறது. அத்தனை கடிகளையும் சிரித்தபடி பார்த்த நான், அந்தப் பக்கத்தில் சிரிக்கவில்லை, கண் கலங்கினேன்.

நான் சொல்ல வந்த செய்தி இனிமேல்தான் வருகிறது. நகைச்சுவைத் தொடர்களில் பொதுவாகக் காலம் நகர்வதில்லை. ஹாசெகாவா மாச்சிகோ என்னும் பெண் ஓவியர் 1946-இல் தொடங்கிய 'ஸஸாயே-சான்' 1974 வரை நாளிதழில் நான்கு கட்டங்களாக வந்தது. 1969-இல் தொடங்கிய அதன் தொலைக்காட்சித் தொடரில், கதாநாயகியின் தம்பி கத்ஸுவோ இன்றும் ஐந்தாம் வகுப்பில்தான் படிக்கிறான்! அதில் ஒரு நிம்மதி உண்டு. யாரும் யாரையும் பிரிய வேண்டியதில்லை.

அஸுமா அந்த நிம்மதியை நமக்குத் தரவில்லை. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மூன்றாண்டு. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். இதழில் மாதங்கள் ஓட ஓட, கதையிலும் மாதங்கள் ஓடின. விளையாட்டு விழா, பண்பாட்டு விழா, கோடை விடுமுறை எல்லாம் மூன்று முறை வந்தன. நான்காம் முறை வரவில்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வந்தது. யோமி தோற்று, கலங்கி, கடைசியில் வென்றாள். ஸகாகி கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறாள். சியோ அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறாள். தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே ஆசிரியர் பட்டமளித்து அனுப்பிவிட்டார். முடிவு தெரிந்த பின் முதல் பக்கத்தைப் புரட்டினால், அதே வெற்று அரட்டை விலைமதிப்பற்றதாகத் தோன்றுகிறது.

பிரிவோடு எல்லாம் தீர்ந்ததா? இல்லை. அதற்கும் ஆசிரியர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். ஆங்கில ஆசிரியை யுகாரியும் உடற்பயிற்சி ஆசிரியை மினாமோவும் ஒரு காலத்தில் பள்ளித் தோழியர். வளர்ந்த பின்பும் சண்டையிடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், சேர்ந்தே திரிகிறார்கள். மாணவியரின் நாளைய நாள் ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கிறது!

நான் மூன்றாம் ஆண்டு மாணவன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது எனக்குத் தேர்வுகள் நெருங்கியிருக்கும். மூன்றாண்டுகளில் நாங்கள் மரத்தடியில் பேசியவற்றுள் குறிப்பெடுக்கத் தக்கது ஒன்றுமில்லை. ஆனால் அவற்றையே நான் எடுத்துச் செல்லப் போகிறேன் என்பதை ஒரு படக்கதை எனக்குக் கற்பித்தது. படக்கதை படிக்கும் வயதுதான், ஐயா, இது. இளையவர்களே, உங்களுக்கு இன்னும் கட்டங்கள் மிச்சமிருக்கின்றன, நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள்!