ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சென்னையில் தயாரான ஸ்பிட்ஃபயரின் உடன்பிறப்பு

தயாரிப்பு: ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சென்னை, 1961 முதல்
வடிவமைப்பு: ஜியோவன்னி மிச்செலோட்டி, இத்தாலி
எஞ்சின்: 948 சிசி, 4 சிலிண்டர்

பிரிட்டனில் 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். எஞ்சினை எந்தப் பக்கம் நின்றும் எட்டலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற ஊர்களின் ஒடுக்கமான தெருக்களுக்கு ஏற்ற வண்டி.

இன்றைய சொகுசுக் காரில் கதவை மூடினால் சாலையே மறந்துபோகும். பழுதைக் கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். ஹெரால்டில் கரிசல் மண்சாலையின் மேடுபள்ளம் ஸ்டியரிங் வழியே கைக்குத் தெரியும். ஓட்டுபவரிடம் எதையும் மறைக்காத இந்த நேர்மையே பழைய பிரிட்டிஷ் கார்களின் அழகு.