அழித்த இடம் சர்வருக்குத் திரும்புவது எப்படி?

கணினியில் ஒரு கோப்பை அழித்தால், அது இருந்த இடமும் அப்போதே காலியாகிவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் ஃபைல் சிஸ்டம் தன் பதிவேட்டில் 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்வதோடு சரி. கீழே இருக்கும் டிஸ்க்குக்கு அந்தத் தகவல் எல்லா நேரமும் தானாகப் போவதில்லை. உரிமையாளரிடம் சொல்லாமல் குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரிதான் இது.

டிஸ்க் வேறொரு கணினியில் இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. லினக்ஸில் 'நெட்வொர்க் பிளாக் டிவைஸ்', சுருக்கமாக என்பிடி, என்று ஒரு கர்னல் டிரைவர் உண்டு. பாவெல் மாகெக் 1997-இல் எழுதியது. தொலைவில் உள்ள சர்வரின் கோப்பையோ டிஸ்க்கையோ நம் கணினியில் சொந்த டிஸ்க் போலவே அது காட்டும். எழுதிய பகுதிக்கு மட்டும் இடம் பிடிக்கும் 100 ஜிபி கோப்பு ஒன்று சர்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளையன்ட், அதாவது நம் கணினி, அதில் 60 ஜிபி வீடியோக்களைச் சேமித்துவிட்டு, பிறகு அனைத்தையும் அழிக்கிறது. கிளையன்ட் பக்கம் பார்த்தால் டிஸ்க் காலி. சர்வரிலோ 60 ஜிபி போனது போனதுதான்.

இடம் காலியான தகவலைக் கீழே உள்ள டிஸ்க்குக்குச் சொல்லும் 'டிஸ்கார்டு' வசதி 2008-இலேயே லினக்ஸ் கர்னலுக்கு வந்துவிட்டது. என்பிடி டிரைவருக்கு அது வந்தது 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில். சேர்த்த நிரல் சில வரிகள்தான். இணைப்பு ஏற்படும்போதே 'என்னால் ட்ரிம் செய்ய (காலியான இடத்தை விடுவிக்க) முடியும்' என்று சர்வர் ஒரு கொடியின் மூலம் சொல்லிவிடுகிறது. அந்தக் கொடி இருந்தால் மட்டுமே, டிஸ்கார்டு கோரிக்கைகளை ஏற்பதாக டிரைவர் கர்னலிடம் அறிவிக்கும். பிறகு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ட்ரிம் கட்டளையாக மாற்றி அனுப்பும். படிக்க 0, எழுத 1 என்று எண்கள் இருப்பதுபோல ட்ரிமுக்கு எண் 4. எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும் 28 பைட் தலைப்பு போதும். பின்னால் தரவு எதுவும் போக வேண்டியதில்லை. சர்வர் தன் கோப்பில் அந்தப் பகுதியைத் துளையிட்டு இடத்தை மீட்டுக்கொள்ளலாம்.

'மீட்டுக்கொள்ளலாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். ட்ரிம் ஒரு பரிந்துரை மட்டுமே. சர்வர் அதைக் கண்டுகொள்ளாமலும் விடலாம். க்யூஎமு-என்பிடி என்ற சர்வர் நிரலில், நாம் மாற்றாதவரை, புறக்கணிப்பதுதான் இயல்பான அமைப்பு. ட்ரிம் செய்த இடத்தைத் திரும்பப் படித்தால் பூஜ்யங்கள்தான் வரும் என்ற உறுதியும் இல்லை. பழைய தரவே வந்தாலும் அது விதிமீறல் ஆகாது. எனவே ரகசியத் தரவை ஒழிக்க ட்ரிமை நம்புவது ஆபத்து. பூஜ்யம்தான் வேண்டுமென்றால் என்பிடி நெறிமுறையில் அதற்கென்றே தனிக் கட்டளை பின்னர் சேர்க்கப்பட்டது.

டிஸ்க்கை இணைக்கும்போதே டிஸ்கார்டு வசதியை இயக்கிவிட்டால், கோப்புகளை அழிக்க அழிக்கக் கோரிக்கைகள் நெட்வொர்க்கில் பறக்கும். சிறு கோப்புகள் நிறைந்த இடத்தில் அது வீண் சுமை. வாரம் ஒருமுறை 'எஃப்எஸ்ட்ரிம்' கட்டளையை ஓட்டி மொத்தமாக அனுப்புவதே நல்லது என்பேன். என்பிடி சர்வரை நிர்வகிப்பவர்கள் அதற்கு முன் சர்வரில் ட்ரிம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டிய பிறகு சர்வர் பக்கம் போய், அந்தக் கோப்பு பிடித்திருக்கும் இடம் குறைந்ததா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.