கிட்டாருக்கு 9 செட்டா, 10 செட்டா? நீளத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க!

நண்பரோட லெஸ் பாலில் '10 செட்' கம்பி சுலபமா வளையுது. அதே பாக்கெட்டை வாங்கி உங்க ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மாட்டினால் கொஞ்சம் முரண்டு பிடிக்குது. கம்பியில் கோளாறு இல்லை. கிட்டாரின் ஸ்கேல் நீளம் வேறு, அவ்ளோதான்.

நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்க. அதுதான் ஸ்கேல் நீளம். ஸ்ட்ராட்டுக்கு 25.5 அங்குலம், லெஸ் பாலுக்கு 24.75, ஃபெண்டர் மஸ்டாங்குக்கு 24.

முக்கால் அங்குலத்தில் என்ன வந்துடப் போகுது? அதே கம்பியை அதே சுருதியில் வைத்தால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எனவே ஸ்ட்ராட்டை விட லெஸ் பாலில் சுமார் 6% குறைவு. மஸ்டாங்கில் 11% குறைவு.

தடிமனுக்கும் இதே வர்க்கக் கணக்குதான். 9 செட் என்றால் அதன் மெல்லிய கம்பி 0.009 அங்குலம். அதை 10 ஆக்கினால் அந்தக் கம்பியின் இழுவிசை 23% ஏறிடும். 'ஸ்ட்ராட்டுக்கு 9, லெஸ் பாலுக்கு 10 போட்டா சமமாகிடும்' என்று சொல்வாங்க. ஆகாது! ஸ்ட்ராட்டில் 9 கம்பிக்கு ஏறக்குறைய 13 பவுண்டு இழுவிசை. லெஸ் பாலில் 10 கம்பிக்கு 15 பவுண்டுக்கு மேல். நெருங்கி வரணும்னா 9.5 செட் வாங்குங்க. மஸ்டாங்குக்கு 10 தாராளமா போடலாம். 9 போட்டால் தொளதொளன்னு இருக்கும்.

ட்யூனிங்கை இறக்குபவர்களுக்கு வேறு கணக்கு. எல்லாக் கம்பியையும் ஒரு முழு சுரம் இறக்கினால் இழுவிசை 20% போயிடும். ஸ்ட்ராட்டில் அப்போ 10 கம்பி, சாதாரண ட்யூனிங்கில் உள்ள 9 மாதிரியே இருக்கும். இன்னும் கீழே போகணும்னா 27 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பாரிட்டோன் கிட்டார்தான் நல்லது.

ஆனால் கை ஒத்துக்கணுமே! ஸ்டீவி ரே வான் ஸ்ட்ராட்டில் 13 போட்டு, அரை சுரம் இறக்கி வாசித்தவர். ஆலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த பிளாக் சபாத்தின் டோனி அயோமி, மெல்லிய கம்பிகளைப் போட்டார். 1971-ல் ட்யூனிங்கையும் ஒன்றரை சுரம் இறக்கினார். அந்த ஆல்பத்தின் சத்தம் யாருக்கும் மெலிசாகத் தோன்றவில்லை.

கேஜ் மாற்றினால் செலவு கம்பியோடு முடியாது. தடித்த கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கலாம், கழுத்து லேசாக வளையலாம். மிதக்கும் ட்ரெமோலோ என்றால் பிரிட்ஜ் முன்பக்கம் தூக்கும். பின்னால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டி வரும். பழக்கமில்லைன்னா ஒரு செட்டப் கூலியையும் சேர்த்து பட்ஜெட் போடுங்க.