எட்டாம் பாகம் கேட்டாச்சா, மதினி?

- நமது நிருபர் -

தொடர்கதை என்றால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு உயிர் என்பது ஊரறிந்த சங்கதி. பத்திரிகை வந்து விழும் நாளன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, கதாநாயகி பிழைத்தாளா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் தேனிச் சீமையிலே இன்னொரு விதமான தொடருக்கும் ரசிகைகள் இருக்கிறார்கள். அதிலே கதாநாயகி கிடையாது, கொலை கிடையாது, மாமியார் சதியும் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்! அந்தப் பேச்சுக்கே முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று போட்டு, அடுத்தது எப்போது என்று ஏங்க வைத்துவிடுகிறார்கள் என்றால் அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

'சாய் வித் சித்ரா' என்பது அந்தப் பேட்டித் தொடரின் பெயர். 'டூரிங் டாக்கீஸ்' என்ற யூடியூப் சானலில் வருகிறது. பேட்டி காண்பவர் சித்ரா லட்சுமணன். சினிமா உலகத்துக்குள்ளேயே வெகுகாலம் புழங்கியவர். 1983-ல் பாரதிராஜா இயக்கத்தில் 'மண்வாசனை' படத்தைத் தயாரித்தவர். நடிகை ரேவதியும் நடிகர் பாண்டியனும் அறிமுகமான படம் அது. 1988-ல் கமலஹாசனை வைத்து 'சூரசம்ஹாரம்' படத்தை இயக்கியவரும் இவரே. ஆகவே எதிரே இருப்பவர் ஒரு பெயரை மறந்து தடுமாறினால், இவர் எடுத்துக் கொடுக்கிறார். கதை மேலே ஓடுகிறது.

கை வேலை செய்யும், காது கேட்கும்

நீண்ட பேட்டியைக் காதால் மட்டும் கேட்கும் வழக்கத்துக்குப் 'பாட்காஸ்ட்' என்று உலகமெங்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் புதிது, வழக்கம் நமக்குப் பழையது. வானொலி நாடகம் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தவர்கள் நம் பாட்டிமார்கள் அல்லவா? சித்ரா லட்சுமணனின் பேட்டியில் படமும் இருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டால், வெங்காயம் நறுக்கி முடிவதற்குள் ஒருவருடைய பால்யம் முடிந்து, அவர் சென்னைக்கு ரயிலேறிவிடுகிறார்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களுக்கு இந்த அருமை நன்றாகத் தெரியும். பச்சை நிறம் மங்காத பருமனான காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், சிறுத்தது ஒரு பக்கம் என்று விரல்கள் பிரித்துக்கொண்டே போகும். கண்ணும் கையும் அதிலே. காது மட்டும் சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்கு வேலை கொடுப்பது பேச்சுதான்.

வளைகாப்பு வீட்டில் ஒரு வழக்கு

போடியில் ஒரு வளைகாப்பு வீட்டுக்கு நாம் போயிருந்தபோது, பின்கட்டில் ஒரு பெரிய வழக்கே நடந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஐந்து வகைச் சாதம் கிளறிக்கொண்டிருந்த பெண்கள், எந்தப் பேட்டி ஒசத்தி என்று நான்கு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள்.

"டெல்லி கணேஷ் பேட்டிதான், மதினி. அதுக்கு மேல ஒண்ணு கிடையாது" என்றார் புளிச்சாதத்துக்காரர். அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. "விமானப்படையில பத்து வருஷம் வேலை பார்த்த மனுஷர். டெல்லியில நாடகம் போட்டதாலதான் பேருக்கு முன்னால டெல்லி வந்துச்சு. 1977-ல 'பட்டினப்பிரவேசம்' படத்துல பாலசந்தர் கூப்பிட்டு வாய்ப்புக் கொடுத்தார். எடுத்த எடுப்புல கதாநாயகன் ஆகணும்னு துடிக்காம, கொடுத்த வேஷத்தை ஒழுங்காச் செஞ்சே பேர் வாங்கினார். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இல்லையா அது?"

"எனக்கு கே.எஸ். ரவிக்குமார் பேட்டி" என்று தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார் கம்பத்திலிருந்து வந்த மருமகள். பன்னீர் திராட்சைத் தோட்டத்துக் குடும்பம். "சொன்ன நாளுக்குப் படத்தை முடிச்சுக் கொடுக்கிறவர்னு பேர் எடுத்தவர். 'நாட்டாமை', 'முத்து', 'படையப்பா' எல்லாம் சும்மா வந்துருமா? ஆள் கணக்கு, நாள் கணக்கு, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் வேணும். திராட்சை வெட்டு நேரத்துல எங்க மாமனார் போடுற கணக்கு எனக்கு ஞாபகம் வந்துருச்சு."

மூன்றாவது கட்சி மனோபாலாவுக்கு. 1979-ல் வெளிவந்த 'புதிய வார்ப்புகள்' காலத்திலேயே பாரதிராஜாவிடம் உதவி இயக்குநராக இருந்தவர் அவர். பிறகு தாமே படங்களை இயக்கினார். அதன் பிறகு நகைச்சுவை நடிகராக வீடு வீடாக அறிமுகமானார். அந்தக் கட்சிக்காரர் ஒரு கல்லூரி மாணவி. "சிரிச்சுச் சிரிச்சுக் கேட்ட பேட்டிக்கா அது. 2023 மே மாசம் அவர் இறந்துட்டார்னு செய்தி வந்ததும் மறுபடி எடுத்துக் கேட்டேன். அதே சிரிப்புத்தான். ஆனா எனக்குச் சிரிப்பு வரலை."

கரண்டி ஓசை ஒரு கணம் நின்றது. டெல்லி கணேஷும் 2024 நவம்பரில் போய்விட்டார் அல்லவா? அந்த வகையில் இரண்டு கட்சியும் ஒரே கட்சி ஆகிவிட்டது. மனிதர் போன பிறகும் அவர் குரல் அதே இருமலோடும் அதே தயக்கத்தோடும் நம் சமையலறையில் பேசிக்கொண்டிருப்பது சாமானியமான விஷயமா?

நாலாவது கட்சி

நாலாவது கட்சிதான் உள்ளூர்க் கட்சி. கங்கை அமரனின் கட்சி!

இந்தச் சீமையில் பிறந்து சினிமாவுக்குப் போனவர்களை எண்ணிப் பாருங்கள். அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா. பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும் அவர் சகோதரர்களும். வைகை அணைக்காகக் காலி செய்யப்பட்ட மெட்டூரில் பிறந்து வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து. 1976-ல் 'அன்னக்கிளி', 1977-ல் '16 வயதினிலே' என்று இரண்டே வருஷத்தில் தமிழ் சினிமாவின் முகத்தையே கிராமத்துப் பக்கம் திருப்பியவர்கள் இந்த மலையடிவாரத்து ஆட்கள். அப்போது தேனி தனி ஜில்லா கூட இல்லை, மதுரையோடு சேர்ந்திருந்தது. 1996-ல்தான் தனியாகப் பிரிந்தது.

ஆகவே இவர்களில் யாராவது வாய் திறந்து ஊர்க்கதை பேசினால், மற்ற ஊர்க்காரர்கள் ரசிகர்களாகக் கேட்பார்கள்; தேனிக்காரர்கள் சாட்சிகளாகக் கேட்கிறார்கள்! சுகாதாரத் துறை ஊழியராகப் பண்ணைப்புரத்துக்கு வந்த இளைஞர் பாரதிராஜா அங்கே அந்தச் சகோதரர்களோடு சிநேகமானார் என்று ஒரு பேச்சு வந்தால் போதும். அது எந்தத் தெரு, அப்போது அங்கே டீக்கடை யாருடையது, அந்தக் கடைக்காரரின் மகளை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்கள் என்று கிளைக்கதை ஆரம்பித்துவிடும். பேட்டியை நிறுத்தி வைத்துவிட்டு அரைமணி நேரம் அதைப் பேசித் தீர்த்த பிறகுதான் மறுபடி கங்கை அமரன் பேச அனுமதி உண்டு.

ரேடியோ விற்ற தாய்

நான்கு கட்சியும் ஒன்றுசேரும் இடம் ஒன்று இருந்தது. பேட்டி நல்ல பேட்டியா, சுமாரா என்று இந்தப் பெண்கள் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று கவனித்தோம். பேசுகிறவர் தம் தாயாரைப் பற்றி என்ன சொன்னார் என்பதுதான் அந்தத் தராசு!

பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் பல மேடைகளிலும் பேட்டிகளிலும் சொன்ன கதை ஒன்று உண்டு. மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது மலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடையே அவர் பாட்டு ஒலித்தது. தம்பிகளும் அவரோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்தார்கள். பிறகு 1960-களின் பிற்பகுதியில் தம்பிகளுக்குச் சென்னைக்குப் போக ஆசை. கையில் காசு இல்லை. தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றார். தமக்கென்று ஒரு நோட்டுக்கூட எடுத்துக்கொள்ளாமல், அத்தனையையும் பிள்ளைகள் கையில் கொடுத்தார்.

"வீட்டுல பேசுறதுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே, அதையும் வித்துட்டாகளே!" என்றார் ஏலக்காய் பொறுக்கும் அம்மாள் ஒருவர். "பிள்ளைகளும் போயிட்டாக, ரேடியோவும் போயிருச்சு. அன்னிக்கு ராத்திரி அந்த வீடு எப்படி இருந்திருக்கும்? அதை யாராச்சும் கேட்டாகளா?"

நியாயமான கேள்வி. யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நாம் கேட்க அந்தப் பதில் பதிவாகி இல்லை. நமக்குக் கிடைப்பது பிள்ளை சொல்லும் தாய்தான். தாயே சொல்லும் தாய் அல்ல. பாரதிராஜாவின் தாயார் கருத்தம்மாள். 1994-ல் பெண் சிசுக் கொலையைப் பற்றி எடுத்த படத்துக்குக் 'கருத்தம்மா' என்றே பெயர் வைத்தார் மகன். பெயர் திரையில் ஏறிவிட்டது. குரல்?

பத்து நிமிஷப் பேட்டியில் தாயாருக்கு ஒரு வாக்கியம் கிடைத்தாலே அதிகம். படத்தைப் பற்றிக் கேட்கவே நேரம் போதாது. பாகம் பாகமாகப் போகும் பேட்டியிலோ, முதல் பாகம் பெரும்பாலும் சொந்த ஊரிலேயே நடக்கிறது. ஆட்டுக்கல்லும் அரிக்கேன் விளக்கும் அம்மாவும் வந்துவிடுகிறார்கள். எட்டாம் பாகத்தில் வெள்ளிவிழாக் கொண்டாடுகிறவரை விட, முதல் பாகத்தில் பசியோடு பள்ளிக்கூடம் போன பையனைத்தான் இந்தப் பெண்களுக்குப் பிடித்திருக்கிறது. காரணம், அவன் தாயாரை இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மாள் இவர்களைப் போலவே ஒருத்தி.

உங்கள் வீட்டு முதல் பாகம்

அந்தக் கல்லூரி மாணவி ஒரு காரியம் செய்திருக்கிறார். தம் அப்பத்தாவைப் போனிலேயே பேட்டி எடுத்து வருகிறார். முதல் நாள், "உன் வாழ்க்கையைச் சொல்லு அப்பத்தா" என்று கேட்டாராம். "என்னத்த வாழ்க்கை, பெத்தேன், வளர்த்தேன்" என்று ஒரே வரியில் பேட்டி முடிந்துவிட்டது! மறுநாள் கிழவி மொச்சை உரிக்கும்போது, "உன் கல்யாணத்தன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்! 1959-ல் வைகை அணை திறந்தது, அணைத் தண்ணீரில் போன உறவுக்காரர் நிலம், ஏலமலைக்கு நடந்தே போய்க் கூலி வேலை செய்தது, இறந்துபோன மூத்த பிள்ளையின் பெயர் என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் வீட்டில் வேறு யாருக்கும் தெரியவே தெரியாதாம்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பேசுகிறவர் கையில் பழகிய வேலை ஒன்று இருக்கட்டும். கை ஓடினால் நினைவும் ஓடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; இல்லையென்றால் அதுதான் பேட்டி கொடுக்கும். பெரிய கேள்வி வேண்டாம். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினீர்கள், முதன்முதலில் பார்த்த சினிமா எது, யாரோடு போனீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். வருஷம் தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்தாதீர்கள். அவர் மௌனமானால் நீங்களும் மௌனமாக இருங்கள். அடுத்து வருவதுதான் விஷயம். ஒரு நாளைக்கு அரைமணி போதும். மிச்சத்துக்குத் 'தொடரும்' போட்டுவிடலாம்.

பிரபலமானவர்களைப் பேட்டி எடுக்கச் சித்ரா லட்சுமணன் இருக்கிறார். உங்கள் வீட்டு அம்மாச்சியையும் அப்பத்தாவையும் பேட்டி எடுக்க உங்களை விட்டால் வேறு யார் வரப் போகிறார்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள். டீ மட்டும் கொஞ்சம் நன்றாகப் போடுங்கள்!