கொழுப்புக் குறைந்த கோழிக் கறிவடையும் புளிப்புப் பச்சடியும்

பர்கர் என்னும் உணவு இன்று நம் நாட்டின் சிறு நகரங்களிலும் விற்பனையாகிறது. ஹாம்பர்க் என்ற ஜெர்மானியத் துறைமுக நகரின் பெயரிலிருந்து பிறந்த இச்சொல், முதலில் மாட்டிறைச்சியைக் கொத்தித் தட்டிச் சுட்ட பண்டத்தையே குறித்தது. பிற்காலத்தில் கோழியிறைச்சியும் அவ்விடத்தைப் பெற்றது. பன் ரொட்டியின் நடுவே வைக்கும் அத்துண்டின் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால், வீட்டு மூதாட்டியை உண்பதாகப் பொருள்பட்டுவிடும். ஆகையால் இங்கு அதனைக் கறிவடை என்றே குறிப்போம்.

கோழியிறைச்சியாதலால் இது இலேசான உணவு என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து பாதியளவே சரியானது. தோல் நீக்கிய பச்சை நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் குறைவான கொழுப்பே உள்ளது. ஆனால் அதனை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து, மயோனைஸையும் தடவியபின் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருபவை. மயோனைஸில் பெரும்பகுதி எண்ணெயே. அதில் ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 90 கலோரி அளிக்கும். கடையில் அரைத்து வைத்திருக்கும் கொத்துக்கறியில் தோலும் சேர்ந்திருக்கக்கூடும். எனவே தோலை நீக்கச் சொல்லி, கண் முன்னே அரைத்து வாங்குவது நலம்.

கொழுப்பைக் குறைத்தவுடன் வேறொரு தொல்லை எழுகிறது. வடை வறண்டு, மரத்தூள் போல் உதிர்கிறது. உஷ்ணம் ஏறும்போது தசைநார்ப் புரதங்கள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. கொழுப்பு மிகுந்த இறைச்சியில் உருகிய கொழுப்பு இக்குறையை மறைத்துவிடும். நெஞ்சுக்கறியிலோ மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நீரைத் தக்கவைப்பதே இங்கு முக்கிய வேலை.

இதற்கு உப்பு பெரிதும் உதவுகிறது. 500 கிராம் குளிர்ந்த கொத்துக்கறியில் ஒரு தேக்கரண்டி (சுமார் 6 கிராம்) உப்பைச் சேர்த்து இரண்டு நிமிடம் பிசைந்தால், கறி கையில் ஒட்டும் பசைபோல் ஆகும். மயோசின் என்னும் புரதம் உப்புநீரில் கரைந்து வெளிப்படுவதே இதற்குக் காரணம். வேகும்போது அது வலைபோல் இறுகி நீரைச் சிறைப்பிடிக்கிறது. முட்டையின்றியே வடை உதிராமல் நிற்கிறது. மிகுதியாகப் பிசைந்தால் ரப்பர் போலாகிவிடும். நான்கு மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து மசித்த பழைய பன் ஒன்றையும் சேர்த்துக்கொள்க. அதிலுள்ள மாவுச்சத்து இறைச்சி கைவிடும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். துருவிய வெங்காயம், இஞ்சி, மிளகு ஆகியவை அவரவர் விருப்பம்.

அடுத்து வருவது சுவையைக் காட்டிலும் கருத்தில் கொள்ளவேண்டிய விஷயம். பச்சைக் கோழியிறைச்சியில் சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் முதலிய நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். முழுத் துண்டில் அவை பெரும்பாலும் மேற்பரப்பில் தங்கியிருக்கும். அரைக்கும்போதோ மேலிருந்தவை உள்ளேயும் பரவிவிடுகின்றன. எனவே வடையின் மையம் 74 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தை எட்டுதல் வேண்டும். நிறத்தை நம்புதல் தகாது. நன்கு வெந்த கறி சில வேளைகளில் இளஞ்சிவப்பாகவே இருக்கும், வேகாத கறி வெளுத்தும் காணப்படும். குத்திப் பார்க்கும் வெப்பமானியே உறுதியான கருவி.

அக்கருவி எல்லா வீடுகளிலும் இராது. தோசைக்கல்லில் மட்டும் சுட்டால் வெளிப்புறம் கருகியும் நடுப்பகுதி வேகாமலும் போக இடமுண்டு; அதற்கு அஞ்சி நெடுநேரம் சுட்டால் வடை வறண்டுவிடும். நமது இட்டிலிப் பானை இச்சிக்கலைத் தீர்க்கிறது. கலவையை ஆறு வடைகளாக, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் தட்டி, கொதிநீராவியில் 15 நிமிடம் வேகவைக்கலாம். சிம்லா போன்ற மலை நகரில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். நமக்கு வேண்டிய 74 டிகிரிக்கு அதுவே தாராளம். பிறகு சூடான கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இருபுறமும் சிவக்கும்வரை திருப்பினால் போதும். மணமும் நிறமும் இவ்விறுதிக் கட்டத்தில்தான் பிறக்கின்றன.

செய்முறை விளக்கம் நடத்தும் பணியாளர், பச்சைக் கறி இருந்த தட்டில் வெந்த வடையை வைக்காதிருப்பதைக் கண்கூடாகக் காட்டுதல் வேண்டும். கோழியைக் குழாயடியில் கழுவும் வழக்கமும் நன்மை தருவதன்று. தெறிக்கும் நீர் கிருமிகளைச் சுற்றிலும் பரப்பும்.

மயோனைஸுக்கு மாற்றாகத் தயிர்ப் பச்சடி பொருந்தும். புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்வதால், கொழுப்பில்லாத கறியும் வாயில் ஈரமாகத் தோன்றுகிறது. ஒரு தேக்கரண்டி கடுகைப் பொடித்துக் குளிர்ந்த நீர் சிறிது விட்டுக் குழைத்து, பத்து நிமிடம் விட்டுவைக்கவும். கடுகின் காரம் விதையில் ஆயத்தமாக இருப்பதன்று. நசுங்கிய விதை நீருடன் சேரும்போது ஒரு நொதியின் செயலால் உண்டாவது. எலுமிச்சைச் சாற்றை முன்னதாகவே ஊற்றினால் நொதியின் வேகம் குன்றி, காரம் மங்கிவிடும். ஆகவே காரம் எழுந்த பின்னரே அரை மூடி எலுமிச்சையின் சாறு, உப்பு, சிறிது வெல்லம், நறுக்கிய பச்சை மிளகாய் ஆகியவற்றுடன், துணியில் கட்டி நீர் வடித்த ஒரு கோப்பைத் தயிரைக் கலக்க வேண்டும். இதனைச் சூடாக்கினால் தயிர் திரிந்துவிடும்.

பன்னின் உட்புறத்தை எண்ணெயின்றிக் கல்லில் வாட்டிய பிறகே பச்சடியைத் தடவ வேண்டும். வாட்டாத பன் ஈரத்தில் ஊறிக் குழைந்துபோகும்.