ஒடியற்கூழும் அயல்நாட்டுப் பொருள்களும்

நாயாற்றுக் கடல்நீரேரியின் கரையிலே இறாலும் நண்டும் மீனும் இட்டுக் காய்ச்சப்படும் ஒடியற்கூழினும் நமக்கே உரியதோர் உணவு உண்டோ எனக் கேட்பின், இல்லையென்றே வன்னியிற் பிறந்தார் பலரும் விடையிறுப்பர். பிறநாட்டுத் தொடர்பினால் நம் உணவு கெட்டது என்று பேசுவோரும் இக்கூழையே தூய உணவுக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆயின், அப்பானையுள் வேகும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயின் அக்கொள்கை நிலைபெறாது.

முதற்கண் மிளகாயை நோக்குவோம். இஃது அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய செடி. கொலம்பசு 1492 இல் அந்நிலத்தை அடையுமுன் ஆசியாவில் எவரும் இதனைச் சுவைத்திலர். போர்த்துக்கேயர் 1498 இல் கள்ளிக்கோட்டையிலும் 1505 இல் இலங்கையிலும் வந்திறங்கிய பின்னரே இது கீழ்த்திசையிற் பரவிற்று. யாழ்ப்பாண அரசு 1619 இல் அவர் கைப்பட்டது; வன்னிமைகளோ முழுதும் பணிந்தில. எனினும், படை நிலைகொள்ளாத இடத்தும் விதை வேரூன்றிற்று.

இதற்குக் காரணம் என்னை? மிளகு நிழலும் நெடுமழையும் பற்றிப் படரக் கொழுகொம்பும் வேண்டும் கொடி. மலையாள நாட்டிலும் இலங்கையின் ஈரவலயத்திலும் செழிப்பது. மாதக்கணக்கில் மழை காணாத வன்னி மணலில் அது வளராது. ஆதலின், அன்று காரம் என்பது விலைகொடுத்து வாங்கும் பொருளாயிருந்தது. மிளகாயோ, நாற்று நட்டு ஏறக்குறைய மூன்று திங்களிற் பயன்தரும். வெயிலில் உலர்த்திச் செத்தலாக்கினால் நெடுநாள் இருக்கும். வாங்கவேண்டியிருந்த காரம் வளவிலேயே காய்க்கத் தொடங்கிய பின் அதனை வேண்டாமென்பார் யார்?

இம்மாற்றத்தை நம் மொழியும் காட்டுகின்றது. சங்கச் செய்யுட்களிற் 'கறி' என்னுஞ் சொல் மிளகைக் குறிக்கும். இன்றோ அது சமைத்த பதார்த்தத்துக்குப் பெயர். அதற்கு உறைப்பூட்டுவது மிளகாய். வந்த செடிக்கும் மிளகின் பெயரையே தழுவிப் பெயரிட்டனர். பழைய மிளகுச் சமையல் முற்றும் அழிந்துவிடவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கும் சரக்குக்கறியில் மிளகாய்க்கு இடமில்லை. தமிழ்நாட்டு அந்தணர் இல்லங்களிற் சிராத்த உணவிலும் அவ்வாறே. நானூறாண்டுக்கு முற்பட்ட நாவின் சுவையை அறிய விரும்புவோர் பத்திய உணவை உண்டு பார்ப்பாராக.

அடுத்தது மரவள்ளிக்கிழங்கு. இதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. ஒல்லாந்தத் தேசாதிபதி வன் டி கிராவ் 1786 இல் மொரீசியசிலிருந்து இதனை இலங்கைக்குக் கொணர்வித்தார் என்பர். இதனுள் நஞ்சூட்டும் பொருள் உண்டாதலின் பக்குவமாக அவித்தே உண்ணல் வேண்டும். இதனோடு இஞ்சி சேர்க்கலாகாது என நம் பாட்டிமார் இன்றும் கண்டிப்பர். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்துக் கசப்பகற்றிப் பழகிய அவர்தம் கைகளுக்கு இப்புதிய கிழங்கின் பக்குவம் கடினமாயிருந்திராது.

புளியைப் பற்றிக் கூறின் நம்புவார் அரியர். அதன் தாயகம் ஆபிரிக்கா. அது மிகப் பழங்காலத்தே இங்கு வந்து நிலைத்துவிட்டமையால் அராபியர் அதனை 'இந்தியப் பேரீச்சை' என்றே அழைத்தனர். காலைதோறும் நாம் உண்ணும் பாண், பெயரளவிலும் போர்த்துக்கேயச் சொல்லே. அதனை விரிப்பின் கட்டுரை நீளும்.

இவற்றை நீக்கின் பானையில் எஞ்சுவன யாவை? களப்பின் மீனும் நண்டும் இறாலும், பலாக்கொட்டையும், பிறவற்றையெல்லாம் ஒன்றாகப் பிணைத்துத் தடிப்பிக்கும் ஒடியல் மாவும். மிளகாய் வருமுன் இக்கூழ் மிளகின் காரத்தோடு காய்ச்சப்பட்டிருக்கலாம். மரவள்ளியின்றியும் அது கூழாகவே இருந்திருக்கும். ஒடியல் இன்றேல் அது வெறும் மீன்சாறு. அதனை ஏந்திக் குடிக்கும் பிளாவும் பனையோலையாற் கோலியதே.